பழைய வண்டிக்குப் புது மாடல் சஸ்பென்ஷன்: போல்ட் ஏறிவிட்டால் பொருந்திவிட்டதா?

"ஆல்டோ ஷாக் 800-க்குச் சேருமா?" மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பழைய கார் பார்க்கும் பட்டறைக்குப் போனால் இந்தக் கேள்வி காதில் விழும். "போட்டுக்கலாம், நான் நாலு வண்டிக்குப் போட்டிருக்கேன்" என்பார் ஒரு மெக்கானிக். "தொடவே தொடாதே" என்பார் அடுத்த தெருக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் வண்டிக்காரர் குழம்பிப் போகிறார்.

இந்தக் கேள்வி எழக் காரணம் எளிது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு முடிந்தது. அம்பாசடரும் அதே ஆண்டு நின்றது. ஜிப்சி இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்து அதுவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் இவை இன்னும் ஓடுகின்றன. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் கட்டைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டு ஏற்றம் ஏறும் 800, கீரிப்பாறை வழியில் கல்லும் வேருமான தோட்டப் பாதையில் போகும் ஜீப்பு, கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் பிரீமியர் பத்மினி கார். ஒரிஜினல் சாமான் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைகிறது. அடுத்த மாடலின் சாமானோ கடையில் தொங்குகிறது. கை அங்கே போவது இயல்புதான்.

எது போடலாம், எது கூடாது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதலில், சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலை வாங்கும் சஸ்பென்ஷனைப் பற்றிய சில சொற்கள்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்

1. ஸ்பிரிங்: வண்டியின் பாரத்தைத் தாங்குவது இதன் வேலை. சுருளாக இருந்தால் காயில், பட்டை பட்டையாக அடுக்கியிருந்தால் கமான் பட்டை, முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் நீளக் கம்பியாக இருந்தால் டார்ஷன் பார்.

2. ஷாக்: இது பாரம் தாங்குவதில்லை. பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை எண்ணெய் கொண்டு அடக்குவதுதான் ஷாக்.

3. ஆர்ம் அல்லது லிங்க்: சக்கரம் மேலும் கீழும் போகலாம், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போகக் கூடாது. அந்தப் பாதையைக் கட்டுப்படுத்துவது இவை.

4. புஷ், பால் ஜாயிண்ட்: ஆர்மின் மூட்டுகள். பாடிப் பக்கம் ரப்பர் புஷ், சக்கரப் பக்கம் பால் ஜாயிண்ட்.

5. நக்கிள்: சக்கர பேரிங்கையும் பிரேக்கையும் சுமந்துகொண்டு ஸ்டியரிங்கோடு திரும்பும் இரும்பு வார்ப்பு.

6. ஸ்ட்ரட்: ஷாக்கும் காயிலும் ஒன்றாகச் சேர்ந்த தூண். மேல் முனை பாடியில், கீழ் முனை நக்கிளில். 800-லிருந்து இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலும் முன்பக்கம் இதுதான்.

ஆர்மும் ஸ்ட்ரட்டும் பாடியிலோ சேஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) மாட்டும் இடங்களைப் பிடிமான இடம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போவது அதுதான். ஒரு காரை வடிவமைக்கிறவர் முதலில் தீர்மானிப்பது பிடிமான இடங்களை. ஸ்பிரிங், ஷாக், ஆர்ம் எல்லாம் அதற்குப் பிறகு அந்த இடங்களுக்கு ஏற்ப வருகின்றன. ஆக, புது மாடலின் சாமான் பழையதில் வேலை செய்யுமா என்பது, இரண்டு மாடலுக்கும் பிடிமான இடங்கள் ஒன்றா என்பதைப் பொறுத்தது. பெயர்ப்பலகை ஒன்றா என்பதைப் பொறுத்தது அல்ல.

பெயர் ஒன்று, எலும்பு வேறு

800-ஐயும் ஆல்டோவையும் அண்ணன் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு. 1986 முதல் நாம் பார்த்த அந்த 800-இன் உருவம், ஜப்பானில் 1984-இல் வந்த இரண்டாம் தலைமுறை சுஸுகி ஆல்டோ. இங்கே 2000-இல் ஆல்டோ என்ற பெயரில் வந்தது, ஜப்பானில் 1998-இல் வந்த ஐந்தாம் தலைமுறை. இடையில் இரண்டு தலைமுறை இருக்கின்றன. ஆக இவர்கள் அண்ணன் தம்பி இல்லை; கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பேரன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜாடை இருக்கும். செருப்பு அளவு ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட்டு கார் 1989-இல் வந்தது, 1998-இல் இரண்டாம் தலைமுறை. இரண்டாவதன் ஷாக் மேல் மவுண்டை எடுத்து முதலாவதில் போடுவது அந்தக் காரின் பிரியர்களிடையே பிரபலமான மாற்றம். ஷாக் ஓடுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், பள்ளத்தில் 'டக்' என்று முட்டுவது குறையும். அது அங்கே எடுபடக் காரணம், இரண்டு தலைமுறைக்கும் பிடிமான இடங்கள் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தன. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் காப்பியடித்தால் பணம்தான் போகும்.

மூன்று விதப் பொருத்தம்

பட்டறையில் "சேரும்" என்று சொல்வது மூன்று வெவ்வேறு விஷயங்களில் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

1. போல்ட் பொருத்தம்: துளைகள் நேராக நிற்கின்றன, நட்டு ஏறுகிறது.

2. அளவுப் பொருத்தம்: ஷாக் முழுக்க நீண்டாலும் முழுக்கச் சுருங்கினாலும் நீளம் பழையதோடு ஒத்துப்போகிறது. ஸ்பிரிங் உட்காரும் தட்டின் விட்டமும் உயரமும் சரி. பிரேக் ஹோஸ் இழுபடவில்லை, டயர் எங்கும் உரசவில்லை.

3. வேலைப் பொருத்தம்: பாரத்துக்கு ஏற்ற விறைப்பு, சக்கரம் போகும் பாதை, ஸ்டியரிங் கோணம் எல்லாம் பழைய வண்டிக்குச் சரியாக வருகின்றன.

முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதை டேப்பும் வெர்னியரும் வைத்து அளக்கலாம். மூன்றாவதோ, வண்டி ஓடும்போதுதான் தெரியும், அதுவும் பெரும்பாலும் மழையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது. நம் ஊரில் முதலாவதோடு வேலை முடிந்துவிடுவதுதான் சிக்கல்.

ஸ்பிரிங் கணக்கு

கொஞ்சம் கணக்கு போட்டால் இந்த மூன்றாவது பொருத்தம் பிடிபடும். எண்கள் உதாரணத்துக்குத்தான், கணக்கு எந்த வண்டிக்கும் பொதுவானது.

ஒரு பழைய சின்னக் காரின் முன்சக்கரம் ஒன்றின் மேல் 200 கிலோ பாரம் என்று வைப்போம். அதன் ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 18 கிலோ வேண்டும். வண்டி நிற்கும்போதே ஸ்பிரிங் 200-ஐ 18-ஆல் வகுத்தது, அதாவது 11.1 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். அடுத்த மாடலில் ஏசி, பவர் ஸ்டியரிங், கனமான எஞ்சின் எல்லாம் இருப்பதால் அதன் ஸ்பிரிங் சென்டிமீட்டருக்கு 25 கிலோ என்று இருக்கிறது. இரண்டுக்கும் அமுங்காத நீளம் ஒன்றே. அதைப் பழைய காரில் போட்டால் 8 சென்டிமீட்டர்தான் அமுங்கும். வண்டியின் மூக்கு 3 சென்டிமீட்டர் மேலே தூக்கி நிற்கும்.

"தூக்கி நின்றால் நல்லதுதானே, ஸ்பீட் பிரேக்கரில் அடிபடாது" என்று தோன்றும். ஆட்டத்தைப் பாருங்கள். பழைய ஸ்பிரிங்கில் வண்டி நிமிடத்துக்கு 90 தடவை ஆடும். புதியதில் 106. நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை உடம்புக்குச் சுகமான தாளம். 106 என்பது உதறல். அப்புறம், பழைய ஷாக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் ஆட்டத்தை அடக்க அதற்கு வலு போதாது. விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடினால் ஷாக்கின் அடக்கும் சக்தியும் 18 சதவீதம் போலக் கூடியாக வேண்டும். அதனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடி. ஒரே மாடலிலிருந்து இரண்டையும் எடுத்தால் ஜோடிப் பொருத்தமாவது தப்பிக்கும்.

கடையில் தொங்கும் ஸ்பிரிங்கைப் பார்த்து "கொஞ்சம்தான் தடிப்பு, அட்ஜஸ்ட் ஆகிடும்" என்பதை நம்பாதீர்கள். காயிலின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். சுருளின் அகலமும் சுற்றும் மாறாமல், 10 மில்லிமீட்டர் கம்பி 11 ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டரைக் கண் பிடிக்காது, வெர்னியர் பிடிக்கும்.

தூக்கி நிற்கிறதே என்று ஒரு சுற்று வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. வேலை செய்யும் சுற்று ஆறாக இருந்து ஒன்றை வெட்டினால் மிச்சமிருப்பது இன்னும் 20 சதவீதம் விறைக்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். உட்காரும் முனை தட்டில் சரியாகப் படியாததால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறும். இதைத் தவறு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி: ஸ்பிரிங் எங்கே உட்காருகிறது என்பது. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய அவ்வளவே அமுங்கும். பத்மினி மாதிரி, மேலும் கீழும் இரண்டு ஆர்ம் வைத்து நடுவில் காயில் வைத்த வண்டியில், ஸ்பிரிங் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 0.6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைப்போம். அப்போது சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கிய பங்கு, அதாவது 36 சதவீதம்தான். 25 கிலோ ஸ்பிரிங் அங்கே வெறும் 9 கிலோ ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதே ஸ்பிரிங் ஸ்ட்ரட்டில் 22, 23 கிலோ. ஒரு வகை வண்டியின் ஸ்பிரிங்கை இன்னொரு வகைக்கு எடுத்துப்போனால் எண்ணுக்கே அர்த்தம் மாறிவிடுகிறது.

மூட்டில் ஒரு சோதனை

பால் ஜாயிண்ட் தண்டும், டை ராட் (ஸ்டியரிங் திருப்பலை நக்கிளுக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையில் உள்ள எண்ட் தண்டும் உருளையாக இருக்காது, கூம்பு மாதிரி சரிந்து இறங்கும். நக்கிளில் உள்ள துளையும் அதே சரிவில் குடைந்திருக்கும். நட்டை இறுக்கினால் கூம்பு துளைக்குள் ஆப்பு மாதிரி இறுகும். வண்டியின் முன்பக்கப் பாதுகாப்பு முழுக்க இந்த இறுக்கத்தில் நிற்கிறது. மாடலுக்கு மாடல் இந்தச் சரிவு மாறலாம், தடிமனும் மாறலாம். மாறினாலும் நட்டு ஏறும்! ஏறி, இறுகியது போலவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். தண்டை நன்றாகத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை மார்க்கர் பேனாவால் நாலு கோடு போடுங்கள். காய்ந்ததும் துளைக்குள் விட்டு, நட்டில்லாமல் கையால் அழுத்தி, கால் சுற்று திருப்பி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் சரிவு ஒத்துப்போகிறது. மேல் விளிம்பில் ஒரு வளையமாக மட்டும், அல்லது அடியில் மட்டும் தேய்ந்திருந்தால், தண்டு அந்த ஒரு விளிம்பில்தான் நிற்கிறது. நாலு மாதம் குண்டும் குழியுமான சாலையில் ஓடினால் அந்த இடத்தில் ஆட்டம் வரும், பிறகு தண்டு விரிசல் விடும்.

லேத் பட்டறையில் துளையைக் குடைந்து ஸ்லீவ் அடித்துத் தருவார்கள். சரிவாகத் துளை குடையும் சரியான டேப்பர் ரீமர் வைத்து, அடித்த ஸ்லீவ் அசையாமல் நிற்கும்படி செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நக்கிளில் வெல்டிங் வைத்து அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். வார்ப்பு இரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

சக்கரம் தானாகத் திரும்புவது ஏன்?

புது சாமான் போட்ட பிறகு "அலைன்மெண்ட் பார்த்தாச்சு, ஆனாலும் வண்டி அலைகிறது" என்ற புகார் அடிக்கடி வரும். அலைன்மெண்ட் பார்ப்பது வண்டி நிற்கும்போது. அலைவது ஓடும்போது.

லோயர் ஆர்ம், அதாவது கீழ்ப்பக்க ஆர்ம், பாடிப்பக்க மூட்டை மையமாக வைத்துக் கவராயம் போல ஒரு வளைவு வரைகிறது. டை ராடும் தன் மூட்டை மையமாக வைத்து இன்னொரு வளைவு வரைகிறது. இரண்டு வளைவும் ஒன்றோடொன்று இசைந்து போகும்படி நீளமும் உயரமும் கம்பெனியில் தீர்மானித்திருக்கிறார்கள். நீளம் வேறான லோயர் ஆர்மைப் போட்டாலோ, டை ராட் மாட்டும் இடம் உயரம் மாறிய நக்கிளைப் போட்டாலோ இந்த இசைவு கெடும். அப்போது சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் டை ராட் அதை இழுக்கும் அல்லது தள்ளும். ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். மார்த்தாண்டம் மேம்பாலத்து இணைப்புகளைக் கடக்கும்போது ஸ்டியரிங் கையில் 'வெடுக் வெடுக்' என்று இழுத்தால் இதையும் சந்தேகியுங்கள். முன்பு சொன்ன 3 சென்டிமீட்டர் தூக்கலும் இதே வேலையைச் செய்யும்; ஆர்மும் டை ராடும் தொடங்கும் கோணமே மாறிவிடுகிறதே.

சில பழைய சின்னக் கார்களில் ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை. திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் பிடிப்பதும் அதுவே. அப்படிப்பட்ட வண்டியில் வேறு மாடலின் பாரை மாட்டினால் சக்கரம் நிற்கும் இடமே ஒரு சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ போகும். அதனால் திருப்பம் முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகும் குணம் கெடும்.

கமான் பட்டையை எடுத்துவிட்டு காயில் போடுவது

தோட்டத்து ஜீப்பு வைத்திருப்பவர்களுக்கு 2020-இல் காயில் சஸ்பென்ஷனோடு மஹிந்திரா தார் ஜீப்பு வந்ததிலிருந்து ஒரு ஆசை. ஜிப்சிக்காரர்களுக்கு 2023-இல் மாருதியின் ஜிம்னி வந்ததிலிருந்து. ஜிம்னியும் ஜிப்சி மாதிரியே, வலது இடது சக்கரங்களை ஒரே தண்டு இணைக்கும் முழு ஆக்ஸில் வண்டிதான், ஆனால் நாலு பக்கமும் காயில். "நம்ம வண்டியில் பட்டையை எடுத்துட்டு அந்தக் காயிலைப் போட்டா என்ன?"

கமான் பட்டையை வெறும் ஸ்பிரிங் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. ஒரு கமான் பட்டை செய்யும் வேலைகள்:

1. பாரம் தாங்குகிறது.
2. ஆக்ஸில் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கிறது.
3. ஆக்ஸில் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது.
4. ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸில் உருண்டுவிடாமல் தடுக்கிறது.
5. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்குகிறது.

காயிலுக்கு முதல் வேலை மட்டுமே தெரியும். மீதியைச் செய்ய நீளவாக்கில் லிங்க் வேண்டும், குறுக்கே ஒரு ராட் வேண்டும், அவற்றைப் பிடிக்க சேஸில் பிராக்கெட் வேண்டும். அந்தப் பிராக்கெட்டை எங்கே வெல்டு செய்வது, சேஸ் அந்த இடத்தில் அந்த இழுவையைத் தாங்குமா? ஜிம்னியின் சேஸ் அந்த லிங்குகளுக்காகவே செய்யப்பட்டது, ஜிப்சியின் சேஸ் பட்டையின் இரண்டு முனைகளைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஏணி மாதிரி இருக்கும் சேஸில் நடுவில் எங்காவது ஒட்டினால், ஒட்டு உடைவதற்கு முன் சேஸ் தகடு கிழியும்.

இதற்கு நேர்மாறாக, நல்ல மாற்றத்துக்கு எடுத்துக்காட்டும் ஜிப்சியிலேயே இருக்கிறது. 1985-இல் வந்த ஜிப்சியின் இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் முன்னால் 1,210 மில்லிமீட்டர். 1993-இல் வந்த அகல மாடலில் அது 1,300. பக்கத்துக்கு 45 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டும் கமான் பட்டை வண்டிகள், வேலைப் பங்கீடு ஒன்றே. பட்டை உட்காரும் மேடைகளுக்கு இடையே உள்ள தூரம், யூ போல்ட் அளவு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் பிளாஞ்ச், பிரேக் குழாய், ஸ்டியரிங் ராட் ஆகியவற்றை அளந்து ஒத்துப்போனால், பிற்கால ஆக்ஸிலை முற்கால ஜிப்சியில் வைப்பது ஓரளவு நேர்மையான வேலை. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு வைத்து அகலம் கூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஸ்பேசர் வைத்தால் டயர் பேரிங்கிலிருந்து விலகிப் போய் பேரிங்கை நெம்பும். ஆக்ஸிலே அகலமானால் பேரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து நகர்கிறது.

ஆனால் ஒரு கண்டிப்பு: முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் பல் விகிதம் முன்னுக்கும் பின்னுக்கும் வேறாக இருந்து, நாலு சக்கர ஓட்டத்தில் போட்டால், இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். தார் ரோட்டில் ஏதாவது ஒரு பல் உடையும்.

உப்பும் ரப்பரும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மேற்குக் கரை முழுக்க உப்புக் காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் ஸ்ட்ரட் மேல் முனை மாட்டும் தகட்டைப் பார்த்தாலே தெரியும். ஐஸ் வைத்த மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் உப்புத் தண்ணீர் உள்ளேயிருந்தும் சொட்டியிருக்கும்.

எனவே சாமான் வாங்கும் முன் ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். முன்னால் ஸ்ட்ரட் டவரைச் சுற்றி, பின்னால் ஸ்பிரிங் உட்காரும் தட்டு, லிங்க் பிராக்கெட் ஒட்டியிருக்கும் இடம், கமான் பட்டை ஷாக்கிள் மாட்டும் மூலை எல்லாவற்றையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். கருப்பு அண்டர்கோட்டிங் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் அடியில் துரு சௌகரியமாகக் குடியிருக்கும். முனை உள்ளே இறங்கினால் சஸ்பென்ஷன் பேச்சை நிறுத்திவிட்டு டிங்கர் வேலை பேசுங்கள். விறைப்பான புது ஸ்பிரிங் பழைய தகட்டுக்குக் கூடுதல் குத்து கொடுக்கும்.

ரப்பர் விளையும் ஊரில் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு நைலானில் கடைந்து போடுவது ஒரு வேடிக்கை. "இது தேயவே தேயாது" என்பார்கள். உண்மைதான், தேயாது, வளையவும் வளையாது. பின்னால் முழு ஆக்ஸிலைப் பிடிக்கும் நீள லிங்க்கின் புஷ், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கோணலாக முறுக வேண்டும். ரப்பர் அந்த முறுக்கலை வாங்கிக்கொள்கிறது. நைலான் வாங்காது, பிராக்கெட்டுக்குத் தள்ளிவிடும்.

கூடவே வரும் மற்றவை

புது மாடல் நக்கிளோடு பெரிய டிஸ்க்கும் வந்தால் 12 அங்குல ரிம் உள்ளே இடிக்கும். 13-க்குப் போக வேண்டியிருக்கும். 145/80 ஆர் 12 டயரின் உயரம் 537 மில்லிமீட்டர், 155/65 ஆர் 13-இன் உயரம் 532. இந்த ஜோடியில் ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம்தான் மாறும், கவலையில்லை. வேறு அளவு போட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம் துளைகள் அமைந்த வட்டம் நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் 100 அல்லது 114.3 மில்லிமீட்டர், ஒன்றில் மற்றது ஏறாது, துளையை இழுத்து ஏற்றவும் கூடாது. முன்பிரேக் மட்டும் பெரிதானால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும், முன்பின் சமநிலையும் மாறும். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் பிற்கால நக்கிள்களில் சென்சாருக்கு இடம் இருக்கும். பழைய வண்டியில் அது வெறும் துளை. சேறு புகாமல் அடைத்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால், வண்டியின் கட்டமைப்பில் செய்து அதன் அடிப்படைத் தன்மையை மாற்றுவது என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

தேய்ந்த ஷாக்கையோ புஷ்ஷையோ அதே வகைச் சாமானால் மாற்றுவது பழுதுபார்ப்பு. சேஸில் பிராக்கெட் வெல்டு செய்து கமானைக் காயிலாக்குவது கட்டமைப்பு மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அகல ஆக்ஸில் நடுவில் நிற்கிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினால் யார் கண்ணிலும் படும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க டி.என். 74 (நாகர்கோவில்) ஆனாலும் டி.என். 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும் என்பதும் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட வெல்டிங்கைத்தான்.

செய்வதென்று முடிவெடுத்தால்

1. பழைய சாமானைக் கழற்றி, புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து எழுதுங்கள்: முழு நீளம், சுருங்கிய நீளம், தட்டு விட்டம், கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை, மூட்டுச் சரிவு.

2. வலது இடது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே மாடலிலிருந்து எடுங்கள். உடைத்து விற்கும் கடையில் வாங்கினால் ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கட்டும்.

3. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் வலு. பழையது 10.9 என்றால் புதியதும் அதுவே. ஹார்ட்வேர் கடைப் போல்ட் வேண்டாம்.

4. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். கையால் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தடவை குலுக்கி உட்கார வைத்த பிறகு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

5. ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடுகிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் நாலு பேரை உட்கார வைத்து அதையே மறுபடி பாருங்கள். நேந்திரன் குலை ஏற்றுகிற வண்டி என்றால் குலையையே ஏற்றிப் பாருங்கள்.

6. அலைன்மெண்ட் பார்க்கும்போது வண்டியை அமுக்கியும் தூக்கியும் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் இதைச் செய்து தரமாட்டார்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

7. இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது.

8. கழற்றிய பழைய சாமானை உடனே இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல், கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். அடுத்த ஆர்.சி. புதுப்பிப்பு முடியும்வரையாவது.